எடைக் கட்டம்

மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமியின் எடை பூஜ்ஜியம். பள்ளி நர்ஸ் அவளை மூன்று முறை மெஷினில் ஏற்றி இறக்கியும் முள் அசையவில்லை. மெஷினைச் சோதிக்கத் தானே ஏறிப் பார்த்தாள்; அது எழுபத்தெட்டு காட்டியது. அந்த வருத்தத்தோடு ஃபாரத்தை ஆபீசுக்கு அனுப்பினாள். எடைக் கட்டத்தில் பூஜ்ஜியம் எழுத விதி இல்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். எடை நிரப்பாத பிள்ளைக்குத் தற்காலிக அனுமதிதான். ஆண்டு முடிவதற்குள் நிரம்பாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மற்றபடி சிறுமி நடந்தாள், சாப்பிட்டாள், கணக்கில் கோட்டை விட்டாள்.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. நாட்டை விட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டி நாலு கிலோ கூடுதல் என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, மகளின் சாமான்களாகப் பார்த்து வெளியே வைத்தார்: பாதி எழுதிய நோட்டுகள், கூழாங்கல் டப்பா, எதிர்வீட்டுச் சிநேகிதி கொடுத்த ஒற்றைக்கண் பொம்மை. தன் டிரில் மெஷினை மட்டும் அவர் தொடவில்லை.

“நாலு கிலோவக் குறைக்கச் சொன்னா புள்ளையவே குறைச்சிட்டீங்களே” என்றாள் அம்மா. மறுநாள் அப்பா வேலையிடத்திலிருந்து இரும்பு நட்டுகள் கொண்டுவந்து சீருடையின் மடிப்பில் வைத்துத் தைத்தார். மெஷின் நட்டுகளின் எடையை மட்டும் சரியாகக் காட்டியது.

பள்ளியோ அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. தூக்குவதற்குப் பாரமும் இல்லை. வரவேற்புக் குழு மாதம் ஒருமுறை கூடி, படம் பிடித்து, அவளை வரவேற்றது. எட்டு மாதமாகியும் வரவேற்று முடியவில்லை. புதிய மாணவியின் மனம் நோகக் கூடாதென்று தலைமையாசிரியை சுற்றறிக்கை விட்டிருந்தார். அதனால் விளையாட்டில் அவள் அவுட்டானாலும் அவுட் இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் கைதட்டினார்கள். டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் போர்டில் எழுதும் வகுப்புத் தலைவன், அவள் பெயரை மட்டும் விட்டுவிடுவான். வேண்டுமென்றே கத்திக்கூடப் பார்த்தாள். அவன் புன்னகைத்தான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆண்டு முடிய ஒன்பது நாள் இருக்கையில் தலைவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகச் சாக்பீஸைப் பிடித்தவள் கண்ணாடிக்காரி. அதே வகுப்பில் படிக்கும் இரட்டைத் தம்பி பெயரையே முதலில் எழுதும் ரகம். சுற்றறிக்கை வாசித்த அன்று லீவில் இருந்தவள். நாலாவதாகப் புதிய சிறுமியின் பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறியும் போட்டாள்.

“ஏய், அவ புதுசுடி” என்றது ஒரு குரல்.

“என்ன புதுசு? எட்டு மாசமா என் காதுகிட்டதான் வளவளங்கறா.”

சிறுமியின் பெஞ்சு கிரீச்சென்றது. டீச்சர் வந்து, போர்டைப் பார்த்து, நாலு பேரையும் வராந்தாவில் நிற்க வைத்தார். சுவரோரம் இடம் குறைவு. கண்ணாடிக்காரியின் தம்பி முகத்தைச் சுளித்தான்.

“கால மிதிக்கிற.”

“வலிக்குதா?”

“பின்ன? வலிக்காதா?”

அவள் உடனே காலை எடுக்கவில்லை. அன்று மதியமே நர்ஸ் இருபத்தாறரை என்று எழுதினாள், குமாஸ்தா முத்திரை குத்தினார். எட்டு மாதம் அந்த எடை எங்கே இருந்தது என்று கேட்க ஃபாரத்தில் கட்டம் இல்லை; யாரும் கேட்கவில்லை.