தூளி மெஷின்

மனைவியின் தொடைக்கு அடியில் துணியை இழுத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்குமெஷினின் கொக்கியில் மாட்டினார் டிரைவர். மாட்டியதை ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகள் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தாளே தவிர அழுத்தவில்லை.

"இன்னைக்கு வேணாம்ப்பா. படுக்கையிலயே இருக்கட்டும்னுதான் நர்ஸம்மா சொல்லிட்டுப் போனாங்க."

"அவ கேக்கறாளே."

"அம்மா கேப்பாங்க. மூச்சு எப்படி வாங்குது பாருங்க."

கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஜன்னல்கிட்ட போகணும். நாட்டாமை பண்ணாம அழுத்துடி."

மகள் அழுத்தினாள். மோட்டார் முனகியது. துணி நாலு பக்கமும் குவிந்து, தூளி மாதிரி அவளை ஏந்திக்கொண்டு மேலே போனது. டிரைவர் மெஷினைத் தள்ளி, ஜன்னலோரத்து நாற்காலிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளினார். அப்படித் தள்ளினால்தான் முதுகு சாய்மானத்தில் ஒழுங்காக உட்காரும். பட்டைகளைக் கழற்றிவிட்டு, துணியை மட்டும் இன்று உருவாமல் அவளுக்கு அடியிலேயே விட்டார். அவளை அப்படியும் இப்படியும் சாய்க்க அவருக்கு மனசு வரவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். பஸ்ஸில் உட்கார்ந்தே சம்பாதித்தவர். அவள் நின்றே சம்பாதித்தவள். கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். வாடிக்கையாளர்கள் அவளை மேடம் என்பார்கள். அவரும் கேலிக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. முதுகுத்தண்டில் வந்த கட்டி அவள் கால்களை வாங்கிக்கொண்ட பிறகு அவர்தான் தூக்கினார். குனிந்து நிற்பார். அவள் இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். "ரைட், போலாம்" என்று அவர் காதில் கண்டக்டர் மாதிரி சொல்வாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம். நாள் முழுக்க இதே ரூட்.

ஒருநாள் பாத்ரூம் வாசலில் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்தே சரிந்தார்கள். மகள் வந்து வாசல் கதவைத் திறக்கும்வரை ஈரத்தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். மறுவாரமே மெஷின் பார்க்கக் கிளம்பினார்கள்.

கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று ஆளை எழுப்பி நிறுத்துவது. இன்னொன்று துணியில் வைத்துத் தூக்குவது. கடைக்காரப் பெண் முதல் மெஷினின் பெல்ட்டை அவள் முதுகைச் சுற்றிக் கட்டி, முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள்.

அவள் எழுந்து நின்றாள்.

எதிரில் நின்ற டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாக அவள் தலை வகிட்டை மேலிருந்து பார்த்தே பழகியிருந்தார். இப்போது மூக்குக்கு நேரே மூக்கு.

"நீ இவ்வளவு உசரமா மேடம்?"

"நான் அப்படியேதான் இருக்கேன். நீங்கதான் கூன் போட்டுட்டீங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் நடுங்கியது, பெல்ட் அக்குளுக்கு ஏறியது. கடைக்காரப் பெண் அவசரமாக இறக்கிவிட்டாள். "காலு கொஞ்சமாவது தாங்கணும் சார். இல்லன்னா நழுவிடுவாங்க. இவங்களுக்குத் துணி மெஷின்தான் சேஃப்."

"பழகினா நிப்பா. நின்னாளே, பாத்தீங்கல்ல?"

"தூளியே போதும்" என்றாள் அவள்.

அன்று சாப்பிடும்போது அவள்தான் பேச்செடுத்தாள். "எனக்கு மட்டும் நிக்க ஆசை இல்லையா? நின்னு, விழுந்து, பிடிக்க வந்த நீங்களும் விழுந்தா? இனிமே என்னைக் கையால தூக்கவே கூடாது. சொல்லிட்டேன்."

மெஷின் வந்தது. அவர் இடுப்பு பிழைத்தது. ஆனால் அவள் அவர் கழுத்தைக் கடைசியாகக் கட்டிக்கொண்டது என்றைக்கு என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. இதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாம். இப்போது அவர் கைக்குப் பட்டையும் கொக்கியும்தான் கிடைத்தன.

"தெருவுல யாரு போறா?" ஜன்னலோரத்தில் அவள் கேட்டாள். கண் மூடியேதான் இருந்தது.

டிரைவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எதிர் வீட்டு வாத்தியார். தலைக்கு மை அடிச்சிருக்கார்."

"காதுக்குப் பின்னாடி விட்டிருப்பார், பாருங்க."

"இங்கேருந்து தெரியல."

"விட்டிருப்பார். எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான்."

அவர் சிரித்தார். "ஒரு பொண்ணு குடை பிடிச்சிட்டுப் போகுது. வெயிலே இல்ல, எதுக்குக் குடைன்னு தெரியல. தபால்காரர் வர்றார். நம்ம வீட்டுக்கு இல்ல, தாண்டிப் போயிட்டார். ரெண்டு பசங்க சைக்கிள்ல…"

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் தெரு முனை திரும்பியதையும், வாத்தியார் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்ததையும் அவர் சொன்னார். ஒரு நாய் படுத்ததைச் சொன்னார். அது எழுந்து வேறு இடத்தில் படுத்ததையும் சொன்னார். காப்பியோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா…"

"இரும்மா. வண்டிக்காரர் ஒருத்தர் வர்றார்" என்றார், தலையைத் திருப்பாமல்.

மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மருமகன் ஆபீஸிலிருந்து ஓடிவந்தான். எதிர் வீட்டு வாத்தியாரும் வந்து டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்தபோது தெரிந்தது, காதுக்குப் பின்னால் வெள்ளை அப்படியேதான் இருந்தது. டிரைவர் சட்டென்று நாற்காலிப் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள கட்டில்ல படுக்க வச்சிரலாம்" என்றார் வாத்தியார். "தம்பி, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. ஒரு நிமிஷ வேலை."

"வேணாம் சார். மெஷின்லயே மாத்திடலாம்."

"இப்ப எதுக்கு டிரைவரே மெஷினு?"

"கையால தூக்கினா திட்டுவா."

மருமகன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தான். டிரைவர் துணியை நீவி, பட்டைகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். மகள் ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

அவள் எழும்பினாள். துணி தோள்பட்டையோடு நின்றுவிடுகிற வகை. தலையையும் சேர்த்துத் தாங்குகிற துணியும் கடையில் இருந்தது. முடி கலையும் என்று அவள்தான் வேண்டாமென்றாள். இதுவரை தலையை அவளே நேராகத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒரு பக்கமாகத் தொய்ந்தது. டிரைவர் எட்டி, பிடரியில் கைகொடுத்து, தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். அவள் நெற்றி அவர் கழுத்தோரம் வந்து படிந்தது.

மருமகன் மெஷினை மெல்லத் தள்ள, டிரைவர் கூடவே பக்கவாட்டில் நடந்தார். கட்டிலுக்கு மேலே வந்து நின்றது.

"இறக்கலாமாப்பா?"

அவர் பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு முறை உறுமி அடங்கியது. பிறகு கிளம்பிப் போய்விட்டது.