கடைசி வாய்க்காலில் புழுதி விதைப்பு

காணி அதிகாரி வந்த அன்று கடைசி வாய்க்கால் வயல் வரம்பில் நின்றவர்கள் இவர்கள்: நான், என் மனைவி இரஞ்சிதம், என் தங்கை நேசமலர், எங்கள் ஜெபவீட்டு உபதேசியார் செல்வநாயகம், பக்கத்துக் காணிக்காரர் அப்புத்துரை, அதிகாரி, அவருடைய ஜீப் சாரதி. வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் நின்றதாகப் பிறகு கதை சொன்னவர்கள் எவரும் அந்த வரம்பில் கால் வைக்கவில்லை.

என் பெயர் தவராசா. பாட்டனார் காலத்திலிருந்து நாங்கள் வேதக்காரர். மானிப்பாயிலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ் காணி பெற்றவர்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊர் பிழையாகச் சொல்வதைத் திருத்துவது குடும்பத்தின் மூத்தவன் கடமை. அதனால் எழுதுகிறேன்.

நேசமலரின் புருஷன் காய்ச்சலில் இறந்தபின் வந்த முதற் காலபோகம், மாரிமழைப் பயிர்க்காலம், அது. கடைசி வாய்க்கால் காணி அவர் பெயரில் இருந்தது. அதை அவளுக்கு மாற்றித் தர அதிகாரி சம்மதித்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் போகம் வயல் தரிசாகக் கிடக்கக் கூடாது. ஐப்பசி நடுவில் வந்து பார்ப்பேன், வெறுமையாகக் கிடந்தால் காத்திருக்கிற வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பேன் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நேசமலருக்குப் பிள்ளைகள் இல்லை. வயல் போனால் அவள் என் வீட்டுக்கு வந்துவிடலாம், சோற்றுக்குக் குறையிருக்காது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணிடமிருந்து காணியைப் பறித்தார்கள் என்ற பேச்சு என் காலத்தில் எழக் கூடாது.

அந்த வருஷம் குளம் வற்றிக் கிடந்தது. இருக்கிற தண்ணீர் மேல் வாய்க்கால்களுக்கே எட்டாது என்றார்கள். குளத்துத் தண்ணீர் கிடைத்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் நீர் பாய்ச்சி, சேறடித்து விதைக்கப் பழகியிருந்தோம். காய்ந்த மண்ணை உழுது, நெல்லைப் புழுதியில் எறிந்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பது குளமில்லாத ஊர்க்காரரின் வேலை என்பது எங்கள் எண்ணம். மழை விழட்டும், பிறகு ஏர் பூட்டலாம் என்று இருந்தோம்.

நான் சும்மா இருக்கவில்லை. வியாழன் முதல் சனி வரை மழைக்காக உபவாச ஜெபம் ஒழுங்கு செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து போதகரை அழைப்பித்தேன். மாங்குளத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். நேசமலர் வியாழக்கிழமை காலையில் வந்தாள், முழந்தாளிட்டாள், எழும்பிப் போனாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளைக் காணவில்லை. நடத்துகிறவரின் தங்கையே இல்லை என்பதை எல்லோரும் கண்டார்கள். இன்னும் ஒன்றையும் கண்டவர்கள் வந்து சொன்னார்கள். நாங்கள் உள்ளே மழைக்கு மன்றாடிக்கொண்டிருக்க, சைவக்காரரான அப்புத்துரை அவள் வயலைப் புழுதியாக உழுகிறார். அவள் மண்வெட்டியால் கட்டி உடைக்கிறாள். இருந்த விதைநெல் முழுவதையும் விதைத்து மூடியாயிற்று. போதகருக்குத் தேநீர் கொடுத்த கையோடு இதைக் கேட்டேன். அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதிரையைத் துடைத்து வைத்தாள். நான் அதில் இருக்கவில்லை. உபவாசத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை வந்தனான் அண்ணை. மழை தாங்கோ எண்டு கேட்டனான். கேட்டாச்செல்லோ."

"ஒருக்கால் கேட்டால் போதுமே?"

"உங்களிட்டைச் சீனி கேட்டாலும் ஒருக்கால்தானே கேக்கிறனான். கேட்டுப்போட்டு வந்து கேத்திலை அடுப்பில வைப்பன். வாசலில நிண்டு கத்திக்கொண்டே நிக்கிறனான்?"

இரஞ்சிதம் சிரித்துவிட்டாள். சீனி முடிந்த வீடும் உண்டு என்று நான் சொன்னேன். "ஓம், அதுவும் நடக்கும்" என்றாள் நேசமலர். அந்தப் பதில் என்னை இன்னும் அலைக்கழித்தது. மழை வரும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அகங்காரம் என்று கண்டித்திருப்பேன். வராது என்று அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் இரண்டும் செய்யாமல் குசினிக்குள் போய்ப் பானையைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைசி வாய்க்காலுக்குப் போவேன். கிழக்கே முகில் கூடும். பத்து மணிக்குக் கலைந்துவிடும். ஒருநாள் ஒரு தூறல் போட்டது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம். புழுதிக்குள் காய்ந்து கிடக்கும் நெல் நாட்கணக்காகத் தாங்கும். அரைகுறையாக நனைந்து முளைவிட்டபின் வெயில் எரித்தால் அவ்வளவும் சாகும். திரும்ப விதைக்க அவளிடம் நெல் இல்லை. முளை விட்டதா, விட்டது காய்ந்ததா என்று அறியாமல் எப்படி இருப்பது? ஒரு தடியால் அங்கும் இங்கும் கிளறி நெல்லை எடுத்துப் பார்ப்பேன். ஊதிக் கிடக்கும். மூடிவிட்டு வேறிடத்தில் கிளறுவேன். பின்னேரமும் போவேன்.

நேசமலர் அங்கேதான் நிற்பாள். தகரத்தைத் தட்டிப் புறா கலைப்பாள். எறும்பு இழுத்துப்போகும் இடத்தில் சாம்பல் தூவுவாள். ஆண்டவரிடம் விட்டுவிட்டவளுக்கு எதற்குத் தகரம் என்று கேட்டேன். புறாவைக் கலைக்கத் தனக்குக் கை இருக்கிறதாம். மழைக்குத்தான் கை எட்டாதாம். பிறகு என் கையிலிருந்த தடியைப் பார்த்தாள்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் கிளறுற இடத்தில மட்டுந்தான் நெல்லுச் சாகுது."

நான் தடியை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளும் போனேன், தடி கொண்டுபோகவில்லை.

ஐப்பசி நடுவில் அதிகாரி வந்தார். ஒரு பச்சைப் புல்லும் இல்லாத வயலைப் பார்த்தார். தரிசாகக் கிடக்கிறதே என்றார். விதைத்த வயல் என்று நான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எவரும் பொய் சொன்னதில்லை என்பதையும் சொன்னேன். உழுதது தான்தான் என்று அப்புத்துரையும் சொன்னார். அதிகாரி எங்கள் இருவரையும் விட்டு நேசமலரைக் கேட்டார்.

"மழை வராட்டி என்னம்மா செய்வீர்?"

உபதேசியார் முந்திக்கொண்டார். உபவாசம் நடந்திருக்கிறது, இந்தக் கிழமைக்குள் ஆண்டவர் நிச்சயம் மழை தருவார் என்றார். என் நெஞ்சும் அதைத்தான் கேட்க விரும்பியது.

"அப்பிடி அவர் எனக்குச் சொல்லேல்ல, உபதேசியார்" என்றாள் நேசமலர். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "வராட்டி அழிஞ்சுபோம் ஐயா. திருப்பி விதைக்க நெல்லில்லை. என்னிட்டை இருந்ததை மண்ணுக்குள்ள போட்டிட்டன். இனி ஆண்டவற்றை பாடு."

காணி போய்விட்டது என்றே நினைத்தேன். இவ்வளவு உண்மையை அதிகாரிகளுக்குச் சொல்வது வழக்கமில்லை. அவர் குனிந்து தன் கையாலேயே மண்ணைக் கிளறினார். ஊதிய நெல் ஒன்று அகப்பட்டது. நுனியில் வெள்ளையாக முளை தெரிந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடினார்.

"விதைச்ச வயலைத் தரிசெண்டு எழுத ஏலாது" என்றார். "மழைக்கு நானும் பொறுப்பில்லை, நீரும் பொறுப்பில்லை. காணி உம்மட பேருக்கு வரும்."

ஜீப் போனபின் இரஞ்சிதம் அழுதாள். நேசமலர் அப்புத்துரையிடம் மாடுகளுக்கு வைக்கோல் இருக்கிறதா என்று விசாரித்தாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். சைக்கிளை வரம்பில் விட்டுவந்ததை வீட்டில்தான் உணர்ந்தேன். அவளுக்குக் காணி நிலைத்துவிட்டது. எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

இப்போது ஊர்க்கதைக்கு வருகிறேன். நேசமலர் வரம்பில் முழந்தாளிட்டுக் கையை உயர்த்த, அதிகாரியின் கண்முன்னே அவள் வயலில் மட்டும் மழை கொட்டியதாகப் பரந்தன் சந்தைவரை சொல்கிறார்கள். ஜெபவீட்டில் சாட்சியாகவும் சொல்கிறார்கள். அது பொய். அவள் அன்று முழந்தாளிடவில்லை. அன்று மழையும் இல்லை. மழை அடுத்த கிழமை, செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெய்தது. அதற்குள் மேட்டுப்பக்கத்தில் ஒரு பங்கு முளை காய்ந்துவிட்டது. மிச்சம்தான் விளைந்தது. அந்த மழை மேல் வாய்க்கால் தொடங்கி ரயில் பாதைவரை எல்லார் வயலிலும் பெய்தது. அப்புத்துரை வயலிலும் பெய்தது. என் வயலிலும் பெய்தது. அது உழாமல் கிடந்தது.