சர்க்கரை ஊற்றாத தட்டு

ஆய்வுக்கூடத்தில் நெல் முளைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஒரு தட்டுக்கு மறந்து தொலைத்திருந்தாள். இன்று நெல்லைக் கீறி அயோடின் சொட்டுவிட்டபோது மற்றதெல்லாம் கறுத்தது. அவற்றில் மாவுச்சத்து அப்படியே இருந்தது. மறந்த தட்டு மட்டும் மாவுச்சத்து தீர்ந்து வெளிறிக் கிடந்தது.

"வெளியில கிடைக்கிற வரைக்கும் சொந்தக் கையிருப்பை அவ்வளவா தொடாதுக்கா," என்றாள் ஆராய்ச்சி மாணவி.

தினமும் அவளுக்குப் போன் பண்ணும் மகள், கல்யாணமான இந்த மூன்று வாரமாகப் பண்ணவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், இறந்துபோன கணவரின் ஏழு குரல் பதிவுகளை நான்கு வருடம் கழித்து முதன்முறையாகத் தேடியெடுத்தாள். ஒன்றை மட்டும் கேட்டாள்.

"பால் வாங்கிட்டேன். வேற ஏதாவது வேணுமா?"

"வேணாம், வாங்க," என்றாள்.

இன்னும் ஆறுதான். பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.