சித்தப்பாவின் முதுகில் எழுதிய சொல்

மூன்றாவது அட்டையையும் மடித்து இடது காலுக்கு அடியில் செருகியாயிற்று, சித்தப்பா இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். காற்றில் செடி ஆடுகிற ஆட்டம் இல்லை. ஒரு கால் குட்டையான மேசை ஆடுவதுபோல, டக், டக். மணி பத்தே முக்கால். பதினொன்றுக்குத் தையற்கடை அக்கா வந்துவிடுவார். அவர் இதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் பாவம் முழுக்க என் தலையில்தான்.

எங்கள் கடையில் பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கிறோம். வந்த பொருளைக் கவிழ்த்து, அதன் குறையை ஒரே சொல்லில் சாக்பீஸால் அடியில் எழுதுவது என் வேலை. ‘ஆடுது’ என்றால் கால் சமமில்லை. ‘தளருது’ என்றால் மூட்டில் பசை விட்டுப்போயிற்று. ‘சாயுது’ என்றால் சட்டமே கோணல். ‘உளுத்தது’ என்றால் விறகு. எழுதாத குறையை அப்பா தொடமாட்டார். எழுதியதைச் சரிசெய்யாமல் யாரும் அழிக்கவும் கூடாது.

சித்தப்பா மூன்று வருடத்தில் ஐந்து வேலையும் ஏழு மீசையும் மாற்றியவர். மதில்மேல் பூனை என்பாள் அம்மா. பூனையாவது ஒருநாள் குதிக்கும் என்பார் அப்பா. தையற்கடை அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று காலையில் சொல்லி, மாலையில் யோசிக்கணும் என்பார். நாலாவது தடவை வாக்கு மாறியபோது, வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு பதில் கேட்பதாகவும் இல்லையென்றால் தன் அண்ணன் ஊருக்கே போய்விடுவதாகவும் அக்கா சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், குப்புறப் படுத்திருந்த சித்தப்பாவின் சட்டையில் எழுதினேன். எந்தச் சொல் என்று கொஞ்சம் யோசித்தேன். நல்லவேளை, ‘ஆடுது’ என்றுதான் எழுதினேன்.

எழுந்தவர் ஆடினார். சட்டையைக் கழற்றினால் எழுத்து முதுகில் இருந்தது, சோப்புக்கும் போகவில்லை. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அளவுகோலை எடுத்தார். கட்டிக்கொள்ளலாம் என்று சித்தப்பா நினைத்தால் இடது கால் அரை விரல் குட்டை, வேண்டாம் என்றால் வலது கால்.

“அண்ணா, இழைச்சுடாத!”

“மாத்தி மாத்தி இழைச்சா கடைசியில நீ ஸ்டூல்தான்டா.”

அதனால்தான் அட்டை. பதினொன்று நெருங்கியதும் சித்தப்பா வாசல்பக்கம் நழுவப் பார்த்தார்; இரண்டு அடி வைத்ததும் ஆட்டம் அவரைத் திருப்பிப் பழைய இடத்திலேயே நிறுத்தியது.

அக்கா வந்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எத்தன நாளா இப்படி?”

“மூணு நாளா,” என்றேன்.

“மூணு வருஷமா,” என்று திருத்தினார். “என் மிஷினுந்தான் ஆடுது. ஆடற பக்கம் துணியச் சாய்ச்சுப் பிடிச்சுத் தைக்கிறேன். ஒரு சட்ட கோணலா போயிருக்கா? நீங்க ஆடிக்கிட்டே சொல்லுங்க. சரியா, இல்லையா?”

சித்தப்பா இடப்பக்கம் சாய்ந்து “சரி” என்றார். வலப்பக்கம் சாய்ந்தபோது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அப்போதும் “சரி” என்றார்.

இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஆடுகிறார். அவர்கள் வீட்டில் தம்ளரை முக்காலுக்கு மேல் நிரப்புவதில்லை, மற்றபடி ஒன்றுமில்லை. போன வாரம் அவருக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டே அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “நீ எழுதாம இருந்திருந்தா, அன்னிக்கு நான் வர்றப்ப இவரு கடையில இருந்திருப்பாரா?”