அக்கரையில் ஆனந்த்ராஜ் கேட்டது

1

ஒரு பெட்டி பன்னீர் திராட்சையை வாங்கிக்கொண்டுதான் இந்தக் கதையை எழுத ஒப்புக்கொண்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எங்கிருந்து பிறக்கிறது என்று யாராவது கேட்டால், எழுதுகிறவர்கள் மனதின் ஆழம், மௌனம் என்று கையை ஆட்டிப் பேசுவோம். இந்தக் கதை வெள்ளோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி, அட்டைப்பெட்டியில் சணல் கயிறு கட்டிக்கொண்டு, திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் இறங்கியது.

தூக்கி வந்தவர் ஆனந்த்ராஜ். திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர். ஐம்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டவர்.

"போன செப்டம்பர்ல கோயில்ல இருந்து போர்த்துகல் நாட்டுக்கு, பாத்திமா மாதாவுக்குத் திருயாத்திரை போனோம்ல, அத எழுதணும்மா. முக்கியமா போர்த்தோவுல ஆத்துக்கு அந்தப் பக்கம் போனத."

"நீங்களே எழுதலாமே அண்ணே."

"எனக்கு எழுத வந்தா நான் ஏன் பெட்டியத் தூக்கிட்டு வாரேன்? லேப்ல ரத்தம் எடுக்குறாகள்ல, சகாயசெல்வி, அவுகளும் வந்திருந்தாக. ஒங்க கதைன்னா விடாமப் படிப்பாகளாம்."

சகாயசெல்வி என் பக்கத்து வீடு. படிப்பாள், படித்துவிட்டுத் திட்டவும் செய்வாள். அதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அண்ணனின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அங்க வச்சு அவுககிட்ட ஒண்ணு கேட்டேன். ஊருக்குப் போய்ச் சொல்றேன்னாக. வந்து நாலு மாசமாச்சு. மறுக்கக் கேக்க நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது. கதையில படிச்சா ஞாபகம் வரும்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தால், என் வீட்டுக்காரர் கண்ணனும் பிள்ளைகளுமாகப் பாதிப் பெட்டியைக் காலி செய்திருந்தார்கள். தின்ற பழத்தைத் திருப்பித் தர முடியுமா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: பழம்பெரும் போர்த்தோ நகரின்மீது அந்தி கவிந்துகொண்டிருந்த வேளையில் —

(நிறுத்து. அவர்கள் போனது மத்தியானம்.)

தொடக்கம் இரண்டு: தோரு ஆறு பச்சைப் பசேலென்று —

(பச்சை என்பது ஆனந்த்ராஜ் அண்ணனின் கட்சி. "பச்சையா? நல்லாப் போட்ட டீ மாதிரி இருந்துச்சு" என்பது சகாயக்காவின் கட்சி. நான் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை.)

ஆமாம், பார்த்ததில்லை. நான் தண்ணீரைத் தாண்டிப் போன அதிகபட்ச தூரம் ராமேஸ்வரம். எனக்குப் பழக்கமான ஆறு, தாடிக்கொம்புப் பக்கம் போகிற குடகனாறு. அதை ஓடுகிற என்று எழுதக் கை வரவில்லை. அதைக் கடக்கப் பாலம் வேண்டாம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும். இப்படிப்பட்டவள் கப்பல் வந்து போன ஆற்றை எழுதப் போகிறேன். என்னிடம் இருப்பவை ஆனந்த்ராஜ் அண்ணனின் வாயும் சகாயக்காவின் போட்டோ ஆல்பமும்தான். இரண்டும் ஒத்துப்போவதில்லை.

தொடக்கம் மூன்று: ஆனந்த்ராஜுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது.

இது நிற்கும். கதையே அதனால்தான் நடந்தது.

3

அதற்குள் கதாநாயகியோடு தகராறு. சகாயசெல்வியை இப்படி எழுதியிருந்தேன்: 'தம்பிமார்களைக் கரையேற்றுவதற்காகத் தன் வாழ்வையே மெழுகுவர்த்தியாய் உருக்கிக்கொண்ட —'

எனக்கு ரகசியம் தங்காது. ஒரு கொத்துத் திராட்சையோடு தாளையும் எடுத்துக்கொண்டு போய் அவளிடமே காட்டிவிட்டேன். படித்தாள். தாளைத் தரையில் வைத்தாள்.

"ஏண்டி மதி, நான் எப்படி உருகுனேன்? எழுபத்தெட்டுக் கிலோ இருக்கேன்."

"தியாகம்கா. கதைக்கு அது நல்லா —"

"தியாகம் கியாகம்னு எழுதுனே, அடுத்த தடவ ஒனக்கு ரத்தம் எடுக்கையில மூணு தடவ குத்துவேன். தம்பிக அவனவனாப் படிச்சான், அவனவனாக் கட்டிக்கிட்டான். வந்த மாப்பிள்ளைக ஒருத்தனும் எனக்குப் பிடிக்கல. அம்புட்டுத்தான்."

ஆக, வாசகரே, மெழுகுவர்த்தியை அணைத்துவிடுங்கள். நாற்பத்தாறு வயது, எடுப்பான குரல், யார் கையைப் பார்த்தாலும் நரம்பைத் தேடுகிற கண். முகம் மறந்தாலும் சர்க்கரை அளவு மறக்காது. ஆனந்த்ராஜ் அண்ணனை அவள் மூன்று வருடமாக அறிந்தது இடது முழங்கை மடிப்பின் வழியாகத்தான்.

4

இப்போது ஆறு.

யாத்திரைக் கூட்டம் பாத்திமாவில் மெழுகுவர்த்திப் பவனியெல்லாம் முடித்துக்கொண்டு போர்த்தோவுக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் மத்தியானம் ஓய்வு. மற்றவர்கள் செபமாலை வாங்கக் கடைகளுக்குள் புகுந்துவிட்டார்கள். ஆனந்த்ராஜ் மட்டும் ஆற்றங்கரையில் நின்று எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓட்டுக் கூரைகள்மேல் ஆள் உயர எழுத்தில் பெயர்ப் பலகைகள். எல்லாம் ஒயின் கிடங்குகள் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான்.

"திராட்சைக்காரங்க ஊரு ஃபாதர். ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

ஃபாதருக்கு அவருடைய சர்க்கரை நினைவுக்கு வந்தது. "தனியாப் போவாதீங்க. சகாயம், நீ கூடப் போயிட்டு வா. இந்த ஆளு எதையாவது குடிச்சு வச்சாருன்னா நான் அவரு மகளுக்குப் பதில் சொல்ல முடியாது."

இப்படித்தான் அக்கா காவலுக்குப் போனாள்.

இரும்புப் பாலம். இரண்டு அடுக்கு. மேலே ரயில், கீழே கார்களும் மனிதர்களும். கீழ் அடுக்கில் நடந்தார்கள். காற்று அடித்த அடியில் அக்காவின் முந்தானை அண்ணனின் முகத்தில் —

(இந்த வாக்கியத்தை அக்கா அடித்துவிட்டாள். "நான் ஸ்வெட்டர் போட்டு, முந்தானைய உள்ள சொருகியிருந்தேன்.")

அக்கரையின் பெயர் காயா.* கரை நெடுக அடிப்பாகம் தட்டையான படகுகள், ஒவ்வொன்றிலும் பீப்பாய்களைப் படுக்கப் போட்டிருந்தார்கள். முன்காலத்தில் மலைத்தோட்டங்களிலிருந்து ஒயின் அந்தப் படகுகளில்தான் இறங்கி வருமாம். இப்போது பார்வைக்கு மட்டும். கரையிலிருந்து சந்துகள் மேட்டில் ஏறின. ஒரு சந்தில் நுழைந்ததும் அண்ணன் மூக்கை உறிஞ்சி நின்றுவிட்டார். சுவர் முழுக்கத் திராட்சை வாசம். எங்கள் பக்கத்துப் பந்தலில் அடிக்கிற வாசம் இல்லை, அதையே ஒரு பீரோவுக்குள் இருபது வருடம் பூட்டிவைத்த வாசம் என்றார். அக்காவும் அதை ஒத்துக்கொண்டாள். இருவரும் ஒத்துப்போன இடம் இது ஒன்றுதான்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் வந்த ஊர் முழுதாகத் தெரிந்திருக்கிறது. கொலுப்படி மாதிரி அடுக்கடுக்காக வீடுகள், மஞ்சளும் சிவப்புமாக. உச்சியில் கோயில் கோபுரம். பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கனக்குள்ள நடக்கையில காலுதான் வலிச்சுச்சு," என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் வந்து பாத்தாத்தான்டி இம்புட்டு அழகான ஊருலயா இருந்தோம்னு தெரியுது."

கிடங்கின் உள்ளே குளிர்ச்சி, அரை இருட்டு, வரிசை வரிசையாகக் கறுத்த பீப்பாய்கள். கடைசியில் ஒரு மேஜை. ஒரு பெண் சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் திராட்சை விளைவித்தவர். ஞாயிறுதோறும் ஃபாதர் கிண்ணத்தை உயர்த்துவதைப் பார்த்தவர். ஒரு சொட்டு ஒயின் நாக்கில் பட்டதில்லை. எங்கள் பக்கம் கோயில்களில் சனங்களுக்கு அப்பம்தான் கொடுப்பார்கள், திராட்சை இரசம் ஃபாதரோடு சரி. அந்தப் பெண் நீட்டியதும் ஆனந்த்ராஜ் இரண்டு கையையும் குவித்து, தலை குனிந்து, சத்தமாகச் சொன்னார்:

"ஆமென்."

கோயிலில் அப்பம் வாங்கும்போது சொல்கிற பழக்கம். கிடங்கே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடிப்பதற்குள் அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டார். வெல்லப்பாகு போல அவ்வளவு இனிப்பாம்.

"வெறும் வயித்துலயே நூத்தி எழுபது இருக்கு, கீழ வைங்க!"

"காசு குடுத்தாச்சேங்க. வீணாப் போகும்."

வீணாகப் போகக் கூடாது என்று மிச்சத்தை அக்காவே வாங்கிக் குடித்தாள். அவர் வாய் வைத்த டம்ளரில். நாங்கள் தண்ணீர்கூட அண்ணாந்து குடிக்கிற ஆட்கள் என்பதை வாசகருக்கு நினைவூட்டி, மேலே ஒன்றும் சொல்லாமல் போகிறேன்.

* தமிழில் கயா என்று எழுதினால் பிண்டம் வைக்கிற ஊர் ஆகிவிடுகிறது. அதனால் ஒரு கால் சேர்த்தேன். போர்த்துகீசியர்கள் பொறுத்தருள்க.

5

வெளியே வந்து ஆற்றோரக் கல்திட்டில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் கேட்டார். "நேராவே கேட்டுட்டேம்மா" என்று பெட்டி கொண்டுவந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். என்ன வார்த்தை என்று கேட்க எனக்குக் கூச்சம். நானே எழுதினேன்:

'சகாயம், இந்த ஆற்றைப் போல என் வாழ்வும் தனித்தே ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என் மறுகரை ஆவீர்களா?'

பெருமையாக இருந்தது. அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்தவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

"மறுகரையா? அந்த மனுசனா? என்ன கேட்டாருன்னு சொல்லவா? 'எங்க தோட்டத்துக்கு விடியக்காலந்தாங்க கரண்டு வரும். எந்திரிச்சு மோட்டார் போடணும். ஒங்களுக்கு ஒத்து வருமா'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? அம்புட்டுத்தான். ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. நானும் ஊருக்குப் போய்ச் சொல்றேன்னேன்."

ஒரு வாரம் உழைத்து எழுதிய வாக்கியத்தை ஒரு மோட்டார் இடித்துத் தள்ளிவிட்டது. அன்று சாயங்காலமே வெள்ளோட்டுக்குப் பஸ் ஏறினேன். ஆனந்த்ராஜ் அண்ணன் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, மோட்டார் போட ஒத்து வருமான்னா கேட்டீக?"

"ஆமா. அதுதான கேட்டேன்."

"கல்யாணத்தப் பத்தி?"

"என்னம்மா நீங்க, படிச்சவுக! ஒரு பொம்பளையப் பாத்து எங்க தோட்டத்து மோட்டாரப் போட ஒத்து வருமான்னா வேற என்ன அர்த்தம்? கூலிக்கா ஆளெடுக்கேன்?"

அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. சாப்பிடுங்கள் என்பதைக்கூட "கைய நனைங்க" என்றுதான் சொல்வோம். திரும்பி வந்து இதை அக்காவிடம் சொன்னேன். "அவருக்கு அதுதான்கா கேள்வி. ஒனக்கும் அர்த்தம் புரிஞ்சதுதானே?"

"புரியாம என்ன?"

"பிடிக்கலையா?"

"பிடிக்காமலா அந்த டம்ளர வாங்கிக் குடிச்சேன்?"

"பின்ன?"

அக்கா சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "என்னப் பொண்ணு பாக்க எத்தனையோ பேரு வந்தாங்க மதி. அம்புட்டுப் பேரும் எங்கப்பாகிட்டதான் கேட்டாங்க. இல்லேன்னா மாமாகிட்ட. தட்டத் தூக்கிட்டு வந்து நின்ன என்கிட்ட ஒருத்தன் கேக்கல, என்னக் கட்டிக்கிறியான்னு. இந்த மனுசன்தான் என் மொகத்தப் பாத்துக் கேட்டாரு. அதையும் பாதி கேட்டாரு. எனக்கு முழுசாக் கேக்கணும்டி. ஒரே ஒரு தடவ. அது பெரிய ஆசையா?"

பெரிய ஆசை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கதையில் எழுதக் கூடாது என்பார்கள், எழுதிவிட்டேன்.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) இருவரும் குடகனாற்றங்கரையில் சந்திக்கிறார்கள். காலடியில் சலசலத்து ஓடும் — (மணல் சலசலக்காது. தள்ளு.)

(ஆ) இலக்கியத் தரம் கருதி ஆனந்த்ராஜுக்குச் சர்க்கரையை ஏற்றிவிட்டு, அவர் கேட்காமல் போன கேள்வியோடு கதையை முடிப்பது. பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் தின்ற திராட்சை தொண்டையில் நிற்கும்.

(இ) அவர் கேட்கிறார். அவள் —

இங்கே பேனா நின்றுவிட்டது. அவள் வாயால் வர வேண்டியதை நான் எழுதினால், அவள் அப்பாவும் மாமாவும் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று ஆகும்.

பொங்கல் முடிந்த மறுநாள் நான் வெண்பொங்கல் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா வந்தாள். போகும்போது என் வீட்டு நாள்காட்டியின் முன்னால் நின்றாள்.

"இந்த வருசம் சாம்பல் புதன் பிப்ரவரி இருபத்தொண்ணே வந்துருது," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க."

"ஆமாக்கா, அதுக்கென்ன?"

"அதுக்கு முன்னாடின்னா மூணு ஓலை வாசிக்கணும்ல. மூணு ஞாயிறு." விரலை மடக்கினாள். "பத்தும். இப்பவே ஆரம்பிச்சா பத்தும்."

(கிறிஸ்தவர் அல்லாத வாசகருக்கு: இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்யவிருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர்.)

நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

7

பத்திரிகைக்கு அனுப்பினால் இது அச்சாகி வருவதற்குள் ஈஸ்டர் போய்விடும். அதனால் கதையை இந்த இடத்தில் நிறுத்தி, கைப்பிரதியைக் கண்ணனிடம் கொடுத்து வெள்ளோட்டுக்கு அனுப்புகிறேன். முதல் வாசகர் அங்கே இருக்கிறார்.

மற்ற வாசகர்களே, உங்கள் கைக்கு இது வரும்போது நடப்பது நடந்து முடிந்திருக்கும். நான் சொல்லப்போவதில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆற்றை என்ன நிறத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனந்த்ராஜ் அண்ணே, நீங்கள் மட்டும் இதை வாசித்து முடித்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறுங்கள். அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அவள் தம்பியிடம் பேசாதீர்கள், ஃபாதரிடம் போகாதீர்கள், என் வீட்டுக்கும் வராதீர்கள். அவள் முகத்தைப் பார்த்து, கரண்டு, மோட்டார், விடியக்காலம் எதையும் இழுக்காமல், கேள்வியை முதலிலிருந்து கடைசி வார்த்தைவரை கேளுங்கள்.