மார்ச் மாத ப்ராக்கோலி

பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ராட்னி தாக்ரேயை அவருடைய மனைவி பெரில் வீட்டை விட்டு வெளியே அனுப்பினாள். விரட்டினாள் என்றாலும் தப்பில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர மேடு பள்ளங்களில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், பஸ் கைவிட்டுப் போனதும் வீட்டை ஓட்டத் தொடங்கியிருந்தார். சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் மாற்றி அடுக்கினார். பெரில் உருளைக்கிழங்கு சீவும்போது பக்கத்தில் நின்று, தோல் கொஞ்சம் கனமாகப் போகிறதே என்றார்.

"நகராட்சில காய்கறி போட நிலம் துண்டு துண்டா குத்தகைக்கு விடுறாங்க. பேர் குடுத்துட்டு வந்தேன்," என்றாள் பெரில்.

"யார் பேரை?"

"உன் பேரைத்தான். நல்ல நிலத்துக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணுமாம். மேட்டு மேல ஒண்ணு யாருக்கும் வேணாம்னு கிடக்காம். உடனே தர்றாங்க."

யாருக்கும் ஏன் வேண்டாம் என்பது ஜனவரியில் விளங்கியது. இடுப்பளவு முட்புதர். அதற்குள் துருப்பிடித்த கட்டில் ஒன்று, உடைந்த குளியல் தொட்டி ஒன்று. இதற்கெல்லாம் அடியில் மண் இருப்பதாகக் கேள்வி. ராட்னி புது மண்வெட்டி வாங்கினார், புது ரப்பர் பூட்ஸ் வாங்கினார், தோட்டக்காரன் தொப்பியும் வாங்கினார். முதல் நாள் நாலு வெட்டு வெட்டினார். முதுகு ஏதோ சொன்னது. நிலத்தின் மூலையில் ஒரு மரக் கொட்டகை இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். பிளாஸ்கில் தேநீர், சின்ன ரேடியோ, கூரையில் மழைச் சத்தம். இத்தனை வருஷமாகத் தான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் கொட்டகையைத்தான் என்று அவருக்கு அன்று தெரிந்தது. சுற்றியிருந்த நிலம்தான் கொஞ்சம் இடைஞ்சல்.

பக்கத்து நிலம் வில்ஃப் ஆலரன்ஷாவுடையது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பிரம்மச்சாரி, நெட்டை மனிதர். அவருடைய பாத்திகள் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். களை அங்கே முளைக்கவே கூச்சப்படும். தனி ஆளுக்கு அத்தனை காய்கறி எதற்கு? அதனால் வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார். பதிலுக்கு அவர் கேட்பது ஒன்றுதான்: அதை எப்படி வளர்த்தார் என்பதைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். ராட்னிக்கு நேரம்தான் கொட்டிக் கிடந்ததே.

மார்ச்சில் ஒருநாள் வில்ஃப் ஒரு கட்டு ஊதா ப்ராக்கோலியைக் கையில் திணித்தார். ராட்னி அதைக் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் வைத்தார். பெரில் திரும்பிப் பார்த்தாள்.

"அட, நீ போட்டதா?"

அந்த நேரம் பார்த்துக் கெட்டில் சீட்டியடித்தது. ராட்னி "ம்" என்றார்.

அந்த ஓரெழுத்தைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்தார். கொஞ்சம் இழுத்து "ம்ஹும்" என்றிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் பெரில் வெண்ணெய் போட்டு வதக்கி வைத்து, "பரவால்லையே, பிரமாதமா இருக்கே," என்றுவிட்டாள். சமையலறையில் அவர் பாராட்டு வாங்கி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. பட்டாணி விதைத்தார், எலி தின்றது. கோஸ் நாற்று நட்டார், புறா தின்றது. கேரட் நன்றாகவே முளைத்தது. அதைக் களை என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் முளைத்த களைக்கு மே மாசம் பூராவும் தண்ணீர் ஊற்றினார். வில்ஃப் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"தாக்ரே, அதை ஏதாவது விசேஷத்துக்காக வளக்கிறியா?"

"ஏன்?"

"இல்ல, கேட்டேன். குதிரைக்குப் போடுவாங்க அதை."

அவர் கையால் செழித்து வளர்ந்தது அந்தப் பொய் ஒன்றுதான். அதற்கு உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். வில்ஃபின் கீரை, வில்ஃபின் முள்ளங்கி, வில்ஃபின் ஸ்ட்ராபெரி எல்லாம் வரிசையாக வீட்டுக்கு வந்தன. சாப்பாட்டு மேஜையில் ராட்னி மண்ணின் குணத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அதோடு விட்டாரா? பக்கத்து நிலத்தில் வில்ஃப் என்று ஒரு பாவப்பட்ட மனுஷன் இருப்பதாகவும், நிலத்தைப் புதராகப் போட்டு வைத்திருப்பதாகவும், தான் அவ்வப்போது யோசனை சொல்லி உதவுவதாகவும் சொன்னார். தானே கேட்டு ஆச்சரியப்படும் அளவுக்குச் சொன்னார்.

ஜூலையில் பெரிலின் தங்கை டோரின் ஸ்கார்பரோவிலிருந்து வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன் தோட்டத்துக்கு வர்றோம்," என்றாள் பெரில். "டோரின் பாக்கணும்ங்கிறா."

மறுநாள் காலை ராட்னி வில்ஃபிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, காலில் விழாத குறையாக நின்றார்.

"ஒரே ஒரு சாயங்காலம், வில்ஃப். நீ என் நிலத்துல உக்காரு. நான் உன் நிலத்துல நிக்கிறேன்."

"அந்தப் புதர்லயா? யாராவது பாத்தா என் மானம் என்ன ஆகும்?"

"தெரியாதவங்கதான் வர்றாங்க."

வில்ஃப் தன் பாத்திகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சரி. ஆனா ஒரு செடியத் தொடக் கூடாது. தொட்டே, நான் வாயத் தொறந்துருவேன்."

ஞாயிற்றுக்கிழமை சகோதரிகள் இருவரும் மேடேறி வந்தார்கள். ராட்னி தொப்பியோடு வில்ஃபின் வெங்காயப் பாத்தி நடுவே நின்றார். அந்தப் பக்கம் பட்டால் அரிக்கும் முழங்கால் உயரக் காஞ்சொறி நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அரைக்கால் சட்டையோடு வில்ஃப் உட்கார்ந்திருந்தார். போகிற வழியில் குத்தகைக் குழுவின் ஜெசப் அம்மாள் நின்று, "என்ன வில்ஃப், உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

"இது என்ன செடி?" என்று கேட்டாள் பெரில்.

"செலரி," என்றார் ராட்னி, துணிந்து.

அந்தப் பக்கம் பலமாக இருமல் கேட்டது.

"இது?"

"இதுவும்... செலரில இன்னொரு வகை."

இருமல் இன்னும் மோசமானது. "அந்த மனுஷனுக்குத் தண்ணி கிண்ணி குடுக்கணுமா?" என்றாள் டோரின்.

பெரில் குனிந்தாள். "ஒரு பீட்ரூட் பிடுங்கிக்கிறேன், ராத்திரி சாலட்டுக்கு ஆகும்," என்று சொல்லி இலைக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். கோலிக்குண்டு அளவுக் கிழங்கு வெளியே வந்தது. அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

"இன்னும் மூணு வாரம் ஆகணும்மா அதுக்கு," என்று அலறிக்கொண்டு வில்ஃப் காஞ்சொறியைத் தாண்டி ஓடிவந்தார். பீட்ரூட் பாத்தியை இரண்டு கையாலும் மறைத்தபடி மண்டியிட்டார். பிறகுதான் அவருக்குத் தான் யார், எங்கே இருக்க வேண்டியவர் என்பது ஞாபகம் வந்தது.

ராட்னி தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"எந்திரிங்க வில்ஃப்," என்றாள் பெரில். "கால் பூரா தடிச்சுப் போச்சு பாருங்க. நீங்க குடுத்த ஸ்ட்ராபெரி ரொம்ப நல்லா இருந்துச்சு. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

ராட்னி தொப்பியைக் கையில் சுருட்டியபடி கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ப்ராக்கோலி வந்தப்பவே. ஜனவரில நிலம் எடுத்து மார்ச்சுல ப்ராக்கோலி பறிச்ச ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான். அதை முந்தின வருஷமே விதைக்கணும். எங்க அப்பா ரயில் பாதையோரம் தோட்டம் போட்டுட்டிருந்தாரு. இதை உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாள். அவள் அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தான் ரேடியோவைச் சரிசெய்துகொண்டிருந்தது ராட்னிக்கு நினைவு வந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா? வெக்கப்பட்டு இதை விட்டுட்டு வீட்டுக்கு வந்து உக்காந்திருப்ப. எனக்கு என் சமையலறை வேணும்ப்பா. நீ இந்தக் குளிர் ஊர்ல அன்னாசிப்பழம் கொண்டுவந்து வெச்சிருந்தாலும் நம்பியிருப்பேன்."

டோரின் சிரிக்கத் தொடங்கினாள். அவரைக்கொடி ஏறிக்கொண்டிருந்த கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வில்ஃப் கம்பை அவள் கையிலிருந்து மெதுவாக விடுவித்தார். கடைசியில் நாலு பேரும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்கள். வில்ஃப் காலில் ஏதோ இலையைத் தேய்த்துக்கொண்டே, தன் வாழ்நாளில் அத்தனை அவமானத்தைப் பார்த்ததில்லை என்றார். ஜெசப் அம்மாள் இந்நேரம் குழு முழுவதற்கும் சொல்லியிருப்பாள் என்று கவலைப்பட்டார். அவள் சொல்லித்தான் இருந்தாள். அடுத்த வாரம் இரண்டு பேர் வில்ஃப் வீட்டுக்கு சூப் கொண்டுபோனார்கள்.

செப்டம்பரில் ராட்னி காஞ்சொறியை வெட்டியபோது, ஏப்ரலில் நட்டு மறந்துபோன உருளைக்கிழங்கு வரிசை ஒன்று அடியில் கிடைத்தது. முள்கரண்டி மாதிரிப் பல் வைத்த மண்வெட்டியால் குத்தித் தோண்டினார். நல்ல கிழங்குகளாகப் பார்த்துக் குத்து விழுந்தது. மிச்சத்தில் பாதியை நத்தை துளைத்திருந்தது. தேறியதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பெரில் ஒரு கிழங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது உன்னோடதுதான். சந்தேகமே இல்ல."

ஓட்டைகளைச் சுற்றிச் சீவியதில் தோல் மிகவும் கனமாகப் போனது. ராட்னி பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. வேகவைத்து, வெண்ணெய் போட்டு, ஒரு கிண்ணத்தில் வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார், பொறுக்க முடியாமல்.

பெரில் மென்றபடி யோசித்தாள். "வில்ஃபோடது இதைவிட நல்லா இருக்கும்."

"ஆமா, இருக்கும்," என்று ஒத்துக்கொண்ட ராட்னி, கிண்ணத்தைத் தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.