ஒட்டுப்பட்டையில் ஒரு முடி

சலூன்காரருக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது. காலைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டதே கிடையாது. வலது கட்டைவிரலுக்கு அடியில், பாதம் தரையை அழுத்துகிற இடத்தில், ஒரு புண் வந்து மாதக்கணக்காகக் குடியிருந்தது. வலித்திருந்தால் மனிதர் ஊரையே கூட்டியிருப்பார். சர்க்கரை வியாதி காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டதால், நாள் முழுக்க நின்று முடிவெட்டினாலும் அந்தப் புண் ஒரு முணுமுணுப்புகூடக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். உடம்பின் பாரம் புண்மேல் விழாதபடி அடியில் மெத்தை வைத்தது, முழங்கால்வரை வருவது. கரகரவென்று பிரிகிற மூன்று வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளை இழுத்துக் கட்ட வேண்டும். அது இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்பது உத்தரவு. கடைக்குப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே ஒரு கால் உயர்ந்து, தோள் சாய்ந்து, ஒருவருடைய கிருதா கோணிக்கொண்டது. அந்த மனிதர் கண்ணாடியில் பூட்ஸைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், தாடியை வீட்டிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சலூன்காரருக்கு உயிரே போய்விட்டது.

மறுநாளிலிருந்து, கடைக்குள் நுழைந்ததும் பூட்ஸ் துண்டு அலமாரிக்குள் போகும், ரப்பர் செருப்பு வெளியே வரும். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் பூட்ஸ். வீட்டில் அவர் அதைக் கழற்றியதே இல்லை. கணவருக்கு வந்த பொறுப்பைப் பார்த்து அவர் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் புண் கட்டும் அறையில் அவரைக் கவிழ்த்தது. நர்ஸ் புண்ணைச் சுற்றிக் காய்த்திருந்த தோலைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். நல்ல கை என்று சலூன்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் வந்து புண்ணை அளந்து பார்த்தார். சிறுத்தபாடில்லை. ஆழம்கூடக் கொஞ்சம் அதிகம். பூட்ஸை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார்.

"தூங்கும்போதுகூடக் கழட்டச் சொன்னா கோவிச்சுக்கிறார் டாக்டர்," என்றாள் மனைவி, முந்திக்கொண்டு.

டாக்டர் முகம் மாறியது. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, பாரமும் விழவில்லை, அப்படியும் ஆறவில்லை என்றால் கோளாறு எலும்புக்குள் இருக்கிறது என்றார். எக்ஸ்ரேயிலும் அந்த இடம் தெளிவாக இல்லையாம். விட்டுவைத்தால் மேலே ஏறும், அடுத்த வாரம் விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

சலூன்காரர் அந்தப் பேனாவையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் விரல் பிழைக்கலாம். ஆனால் பக்கத்தில் மனைவி நிற்கிறாள், அதுவும் அவரைப் புகழ்ந்த வாய் மூடுவதற்குள். விரலா, மானமா என்று அந்த நேரத்திலும் யோசித்த மனிதரை என்னவென்று சொல்வது!

நர்ஸ் பூட்ஸை மறுபடி மாட்டிவிடக் கையில் எடுத்தவர், மாட்டவில்லை. ஒட்டுப்பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"என் வீட்டுப் பூனை ஒரு தடவை உரசினாலே இந்த மாதிரிப் பட்டை முழுக்க முடியாயிடும்," என்றார். "இது நாள் முழுக்க சலூன்ல இருக்கிற பூட்ஸு. ஒரு முடி இல்லையேண்ணே."

மனைவி பூட்ஸைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"கடையில போடுறதில்ல சிஸ்டர்," என்றார் சலூன்காரர், தரையைப் பார்த்து. "அலமாரியில வச்சிடுவேன்."

இடி விழும் என்று காத்திருந்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் விரலையே எடுக்க இருந்தேன். பூட்ஸைப் போட்டே பார்க்கலையே நீங்க. முதல்ல கழட்டவே முடியாததா ஒண்ணு போட்டுப் பார்ப்போம்."

மாட்டிக்கொண்டதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று சலூன்காரருக்கு அதுவரை தெரியாது. கண் கலங்கிவிட்டது. மனைவி அறைக்குள் ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்ததும் வட்டியும் முதலுமாகக் கொடுத்தாள், அவர் அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

விரல் நுனியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மாவுக்கட்டு மாதிரி கெட்டியாக ஒரு கட்டு. வாரா வாரம் வெட்டித் திறந்து பார்த்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மனைவி சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றைக் கடையில் கொண்டுவந்து போட்டு, இதிலிருந்து எழுந்தால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்கார்ந்துகொண்டு முடிவெட்டுகிறவன் சோம்பேறி என்று இத்தனை காலம் பேசியவர் ஸ்டூலில் உருண்டுகொண்டே வெட்டினார். வந்தவர்கள் கேலி செய்தார்கள், ஆனால் வந்தார்கள். தாடியை வீட்டில் எடுத்துக்கொள்வதாகப் போனவர்கூட வீட்டில் நாலு இடத்தில் கீறிக்கொண்டு திரும்பி வந்தார். ஸ்டூலில் இருந்தபடி சலூன்காரரின் கண்ணும் வந்தவரின் காதும் ஒரே மட்டத்தில் இருந்ததால் கிருதா நூல் பிடித்ததுபோல் வந்தது.

சட்டைப் பொத்தான் அளவு இருந்த புண் கடுகாகி, ஒருநாள் கட்டைத் திறந்தபோது மூடியிருந்தது. நர்ஸ் அழுத்திப் பார்த்தார், கசிவில்லை. புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எலும்பும் நன்றாக இருக்கிறது, விரல் அவருக்கே என்றார். ஆனால் ஆறின இடம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறக்கும், இனி ஆயுசுக்கும் இதற்கென்று செய்த செருப்புதான் என்று சொல்லிவிட்டார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை காட்டப் போனபோது நர்ஸ் நலம்கூட விசாரிக்கவில்லை. நேரே குனிந்து செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பார்த்தார். கருப்பு, நரை, எவரோ சாயம் போட்ட செம்பட்டை, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. முடியை வேண்டுமென்றே ஒட்டி எடுத்து வந்ததாக இருக்கக் கூடாதே என்று காலைத் தூக்கி அடிப்பாகத்தையும் பார்த்தார். நன்றாகத் தேய்ந்திருந்தது.

"கொஞ்சம் சுத்தம் பண்ணக் கூடாதாண்ணே?"

"வீட்டுக்காரி விடமாட்டேங்குறா சிஸ்டர். கதவைத் திறந்ததும் என் மூஞ்சியப் பார்க்கிறதில்ல, இதைத்தான் பார்க்கிறா."

நர்ஸ் சிரித்துக்கொண்டே பட்டையைப் பிரித்தார். ஐந்து விரல்களும் வரிசையாக வெளியே வந்தன.